கடல் கடந்து கட்டிய பல்

எங்கள் ஊரில் பல்லுக்கு வைத்தியம் செய்வதென்றால் காற்றையும் கேட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணித்தியாலம். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் என்று யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு பஸ்ஸில் 30 கிலோமீற்றருக்கு மேல். சோழகக் காற்று பலக்கிற நாட்களில் படகே ஓடாது. இப்படியான இடத்தில் இருந்துகொண்டு முன்வாயில் இரண்டு பல்லுக்கு வேர்ச்சிகிச்சை செய்து, அதில் ஒன்றுக்குக் கிறவுணும் போட்டு, அவற்றோடு பல வருசமாகச் சாப்பிட்டுச் சிரித்து வாழ்கிறேன்.

காயம் பட்டதும் படகில்தான். மாவிலித் துறையில் ஏறும்போது அலை தூக்கிப் போட, கைபிடிக்கிற இரும்புக் குழாய் வாயில் அடித்தது. ஒரு முன்பல் குறுக்காக முறிந்தது. முறிந்த இடத்தின் நடுவில் குண்டூசித் தலையளவில் ஒரு சிவப்புப் பொட்டு. அதுதான் பல்லின் நரம்பும் இரத்தமும் ஓடுகிற சதை. பக்கத்துப் பல் கொஞ்சம் ஆடியதே தவிர உடையவில்லை. உடைந்த பல்லைத்தான் எல்லோரும் பார்த்தோம். உடையாததன் கதை பிறகு வருகிறது.

முறிந்த துண்டைத் தேடி எடுத்து, காயவிடாமல் பாலிலோ தண்ணீரிலோ போட்டுக்கொண்டு போங்கள். அதையே திரும்ப ஒட்டக்கூடிய சந்தர்ப்பம் உண்டு. துண்டு கிடைக்காவிட்டால் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். கிழிந்த உதட்டுக்குள் பல்துண்டு புதைந்து கிடப்பதுண்டு. ஊர் ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவி ஏற்பு ஊசி போடுவதையும் தவறவிடக்கூடாது.

முழுப்பல்லே கழன்று விழுந்தால் கதை வேறு. எங்கள் அயலில் ஒரு பெடியன் சைக்கிளோடு முருகைக்கல் வேலியில் மோதி முன்பல்லைப் பறிகொடுத்தான். பல் மண்ணில் கிடந்தது. நல்ல காலம், அவனுடைய அக்காவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. வேர்ப் பக்கம் கை படாமல் வெள்ளைப் பக்கத்தில் பிடித்து எடுத்தாள், தேய்க்காமல் ஒருக்கால் அலசினாள், வந்த குழிக்குள்ளேயே திரும்ப வைத்து லேஞ்சியைக் கடிக்கச் சொன்னாள். வைக்கப் பயமென்றால் பாலுக்குள் போட்டுக் கொண்டு போகலாம். எங்கள் ஊரில் மாட்டுக்குக் குறைவில்லை. பச்சைத் தண்ணீரில் ஊறப் போடக்கூடாது, கடதாசியில் சுற்றிக் காயவிடவே கூடாது. பாற்பல் விழுந்தால் மட்டும் திரும்ப வைக்க வேண்டாம். கீழே முளைக்கக் காத்திருக்கிற பல்லுக்கு அது கேடு.

பல் காயங்களுக்கான சர்வதேச சங்கம் 2020இல் புதுப்பித்த வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது: விழுந்த நிரந்தரப் பல்லை விழுந்த இடத்திலேயே திரும்ப வை. வேரின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கிற உயிரணுக்கள் காய்ந்தால் செத்துவிடும். வெளியே காய்ந்து கிடக்கிற நேரம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டினால் பல் பழையபடி ஒட்டுகிற வாய்ப்பு மிகக் குறைவு. அந்த ஒரு மணித்தியாலம் எங்களுக்குப் படகிலேயே போய்விடும். ஆகவே நெடுந்தீவில் இந்த வேலை வேலியடியில்தான் நடந்தாக வேண்டும், பட்டினத்தில் அல்ல. பிறகு வைத்தியர் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கம்பி கட்டி இரண்டு கிழமை வைத்திருப்பார். வேர் வளர்ந்து முடிந்த பல்லென்றால் அந்த இரண்டு கிழமைக்குள்ளேயே வேர்ச்சிகிச்சையும் தொடங்க வேண்டும்.

இனி என்னுடைய பல்லுக்கு வருகிறேன். 'நரம்பு எடுக்கிறது' என்று சனம் சொல்கிற வேலையைப் பற்றிப் பயம் காட்டாதவர்கள் கிடையாது. விறைப்பு ஊசி போட்டபிறகு வாயை நெடுநேரம் திறந்து வைத்திருக்கிற களைப்புத்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. முதலில் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடுகிற மாதிரி ஒரு றப்பர் விரிப்பை மாட்டினார்கள். சிலருக்கு அது மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். அதற்காக வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள். பல்லின் உள்ளே கழுவ ஊற்றுகிற சோடியம் ஹைப்போகுளோரைற் உடுப்பு வெளுக்கிற மருந்தின் இனம். அது தொண்டைக்குப் போகாமலும் எச்சில் பல்லுக்குள் போகாமலும் காப்பது அந்த விரிப்புத்தான். சான்போர்ட் பார்னம் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் 1864இல் கொண்டுவந்த உபாயம். இன்றைக்கும் அதை விஞ்ச ஒன்று வரவில்லை.

பிறகு நிறநிறமான பிடி வைத்த மயிரளவு அரங்களால் வேரின் குழாயைச் சுரண்டித் துப்புரவாக்குகிறார்கள். எக்ஸ்றே எடுத்து, வேர் நுனி மட்டும் எவ்வளவு நீளமென்று பார்க்கிறார்கள். கடைசியில் இளஞ்சிவப்புக் குச்சி மாதிரி ஒன்றை உள்ளே வைத்து அடைக்கிறார்கள். அதன் பெயர் கட்டாபேர்ச்சா, மலாயாப் பக்கத்துக் காட்டு மரமொன்றின் பால். 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு உறையாகச் சுற்றியதும் இதே பால்தான் என்று பிறகு வாசித்தேன். உப்புக் கடலுக்குள்ளேயே தாக்குப் பிடித்த சாமான் என் வாய்க்குத் தாக்குப் பிடிக்காதா என்று ஒரு தைரியம்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இரண்டு தவணைக்கு இடைப்பட்ட நாட்களைப் பற்றி. முதல் தவணையோடு வலி நின்றுவிடும். வலி நின்றால் யார் படகு ஏறுவார்கள்? தோட்டம் கிடக்கும், மாடு கிடக்கும், கோயில் கொடியேற்றம் வரும். எனக்கு வைத்தியம் செய்த டொக்டர் பிள்ளை அன்றைக்கே கண்டிப்பாகச் சொன்னா: "அக்கா, நோ நிண்டிட்டுது எண்டு வராமல் இருந்திடாதேங்கோ. இப்ப வைச்சிருக்கிறது தற்காலிக அடைப்பு. அது தேய்ஞ்சால் எச்சில் உள்ளுக்க போகும், பேந்து முதலிலயிருந்து செய்யோணும்." என் கணிப்பில், தீவுப் பக்கத்தில் பல் பறிபோவது பெரும்பாலும் அடியால் அல்ல, இந்த இடைவெளியால்தான். ஆகவே கதிரையில் இருந்தவுடனேயே "நான் நெடுந்தீவு" என்று சொல்லிவிடுங்கள். சீழ் இல்லாத பல்லென்றால் ஒரே தவணையில் முடித்துவிடுவதும் உண்டு. முடியாவிட்டால் உறுதியான தற்காலிக அடைப்பாக வைப்பார்கள். அவசரமில்லாத வேலையைப் பங்குனி, சித்திரைக்குத் தள்ளுங்கள். அப்போது கடல் அடங்கிக் கிடக்கும்.

இப்போது உடையாத பல். அடி பட்டுக் கனகாலம் கழித்து அது மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாக மாறியது. வலி இல்லை. ஒருநாள் அதன் முரசில் சின்னப் பரு ஒன்று வந்து வாயில் ஒரு கெட்ட ருசி. அடியில் பல்லுக்குள்ளே போகிற இரத்தக் குழாய் அறுந்து, உள்ளே இருந்த சதை சத்தமில்லாமல் செத்துவிட்டது. சீழ் பரு வழியாக வடிந்துகொண்டிருந்ததால் வலிக்கவில்லை, அவ்வளவுதான். பார்மசியில் கிருமி கொல்லிக் குளிசை வாங்கிப் போட்டால் வற்றும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வற்றும், திரும்ப வரும். செத்த பல்லுக்குள் இரத்த ஓட்டம் இல்லாதபோது இரத்தத்தோடு ஓடுகிற மருந்து அங்கே எப்படிப் போய்ச் சேரும்? கிருமியின் குடியிருப்பு வேர்க் குழாய்க்குள். அதைத் துப்புரவாக்குவதுதான் வைத்தியம். அடிபட்ட பல்லை, அது நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும், வருசத்துக்கொரு எக்ஸ்றேயாவது எடுத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான். எடுத்த எக்ஸ்றேயைக் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறொரு வைத்தியரிடம் போனாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அந்தப் பல்லுக்கு நான் கிறவுண் போடவில்லை. உடையாத முன்பல்லுக்கு வேர்ச்சிகிச்சை செய்தால், உள்ளே மருந்து வைத்து வெளுக்கவைத்து, துவாரத்தை அடைத்தாலே பெரும்பாலும் போதும். கடைவாய்ப் பல் அப்படியில்லை. அரைக்கிற பாரம் முழுக்க அதில். நடுவைக் குடைந்து எடுத்தபின் சுற்றுச்சுவர்தான் மிச்சம். வண்டிச் சில்லைச் சுற்றி இரும்புப் பட்டம் இறுக்குகிற மாதிரி, கிறவுண் அந்தச் சுவரைப் பிளக்காமல் பிடித்து வைக்கிறது. என் அண்ணை கடைவாய்ப் பல்லுக்கு நரம்பெடுத்தவர், கிறவுண் வீண் செலவென்று விட்டுவிட்டார். நண்டுக் காலைக் கடித்தபோது பல் இரண்டாகப் பிளந்து, கடைசியில் பிடுங்கத்தான் நேர்ந்தது. காசைக் கணக்குப் பார்ப்பதில் பிழையில்லை. உலோகத்தின்மேல் பீங்கான் பூசியது, முழுச் சிர்கோனியா என்று விலை வித்தியாசப்படும். மொத்தமாக எவ்வளவென்று தொடங்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முன்பல்லென்றால் நிறத்தை யன்னல் வெளிச்சத்தில் பார்த்துத் தெரியுங்கள், குழல் விளக்கின் கீழ் வேண்டாம். சுவிஸிலிருந்து லீவில் வந்திருந்த மச்சாள் "நல்ல வெள்ளையாப் போடும்" என்று நின்றா. ஐம்பது வயதுக்காரியின் தேத்தண்ணீர்ப் பல்வரிசையில் ஒன்று மட்டும் பால்வெள்ளையாக இருந்தால் அது பல்லாகத் தெரியாது. பக்கத்துப் பல்லின் மங்கலையே கேட்டு வாங்கினேன்.

கிறவுண் ஒட்டிய கையோடு பஸ் நிலையத்துக்கு ஓடாதீர்கள். விறைப்பு இருக்கும்போது கடி சரியா என்று தெரியாது. மயிரிழை உயரமாக இருந்தாலும் விறைப்பு இறங்கியபின் அந்தப் பல்தான் முதலில் முட்டும், சில நாளில் நோகத் தொடங்கும். நரம்பெடுத்த பல் எப்படி நோகும் என்று கேட்பார்கள். சூடு குளிர் அதற்குத் தெரியாது. ஆனால் வேரைச் சுற்றிப் பிடித்திருக்கிற தசைநாருக்கு உணர்வு உண்டு. வண்ணார்பண்ணையில் தங்கச்சி வீட்டில் இரவு தங்கி, சோறு சாப்பிட்டுப் பார்த்து, காலையில் போய்க் கொஞ்சம் உரஞ்சுவித்த பிறகுதான் நான் குறிகட்டுவான் பஸ் ஏறினேன்.

கிறவுணில் சூத்தை விழாது. ஆனால் அதன் விளிம்பும் முரசும் சேருகிற கோட்டில் உங்கள் சொந்தப் பல் இருக்கிறது, அங்கே விழும். நரம்பில்லாததால் வலித்துக் காட்டிக் கொடுக்கவும் மாட்டாது. புளோரைட் பற்பசையால் அந்தக் கோட்டை மெதுவாகத் துலக்க வேண்டும், பல்லிடுக்கில் நூல் விட வேண்டும். தற்காலிகக் கிறவுண் இருக்கும்போது நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுங்கள். கிறவுண் கழன்றால் கழுவி ஒரு சின்னப் போத்தலில் போட்டு வைத்திருந்து கொண்டு போங்கள். சுப்பர் குளூ வேண்டாம். முகம் வீங்கிக் காய்ச்சலும் காய்ந்து, விழுங்கவோ வாய் திறக்கவோ கஷ்டமென்றால் மட்டும் காலைப் படகுக்குக் காத்திருக்கக்கூடாது. அது பல்லோடு நிற்கிற வருத்தமில்லை; மூச்சுக் குழாயை நெருக்கும். நேரே ஊர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றதை அவர்கள் பார்ப்பார்கள். அவசர நோயாளரைக் கடற்படைப் படகில் ஏற்றிய ஊர் இது.

சாப்பாட்டில் நான் விட்டுக்கொடுத்தது குறைவு. பனங்கிழங்கை நாராகக் கிழித்துக் கடைவாயில் வைத்துச் சப்பலாம். புழுக்கொடியலை முன்பல்லால் கடிக்கிற காலம் போய்விட்டது. இடித்து மாவாக்கித் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைத்தால் ருசி குறையவில்லை. பனாட்டுப் பல்லில் ஒட்டி இழுக்கும், தற்காலிகக் கிறவுண் இருக்கும்போது தொடவே வேண்டாம். வலை முடிகிறவர்கள் தங்கூசியைப் பல்லால் அறுப்பதைத்தான் நிற்பாட்ட முடியவில்லை. ஒரு சின்னக் கத்தியைக் கழுத்தில் கட்டித் தொங்கவிடச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒடியல் கூழ் காய்ச்சுகிற நாளில் நண்டுக் காலை உடைக்க அம்மிக் குழவி வைத்திருக்கிறேன். அண்ணைக்கும் அதைத்தான் நீட்டுகிறேன். அவர் வாங்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, பல் மிச்சமிருக்கிற மற்றப் பக்கத்தால் உடைக்கிறார்.