1444, 1494: லோதி தோட்டத்தில் இரண்டு ஆண்டுகள்

ஒரு நூற்றாண்டைப் புரிந்துகொள்ள, அதன் இரண்டு ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது நல்ல வழி. பதினைந்தாம் நூற்றாண்டுத் தில்லிக்கு நான் எடுத்துக்கொள்பவை 1444, 1494. இரண்டுக்கும் சாட்சியான கட்டடங்கள், நம்மவர் பலர் காலையில் நடக்கப் போகும் லோதி தோட்டத்திலேயே உள்ளன.

முதலில் 1444. தைமூர் 1398இல் சூறையாடிய தில்லி இன்னும் தேறவில்லை. ஆண்டது சையது வம்சம். 1440இல் மாளவத்து மகமூது கில்ஜி படையெடுத்து வந்தபோது, சர்ஹிந்திலிருந்து பஹ்லூல் லோதி வந்து கைகொடுக்க வேண்டியிருந்தது. அப்போதைய சுல்தான் முகமது ஷாவின் சமாதிதான் 1444இல் எழுந்தது. அடுத்து வந்த அவர் மகனின் பட்டம் ஆலம் ஷா, அதாவது உலகத்துக்கே அரசன். ஆட்சியோ, இன்று விமான நிலையம் இருக்கும் பாலம் ஊர் வரைதான் என்று ஜனங்கள் கேலி செய்தார்களாம்.

1451இல் பஹ்லூல் லோதியே அரியணை ஏறினார். அவர் மகன் சிக்கந்தர் 1494இல் காசிக்கு அருகே ஜவுன்பூர் ஹுசைன் ஷாவை வென்றார்; தில்லியின் ஆட்சி பீகாரை எட்டியது. படா கும்பத்தை ஒட்டிய பள்ளிவாசல் அந்த ஆண்டைச் சேர்ந்தது.

பலத்தில் இரண்டு ஆண்டுகளும் மலையும் மடுவும். கட்டடங்களோ அப்படியில்லை. நலிந்த அரசின் சமாதி எண்கோண வடிவம். பக்கத்துக்கு மூன்று வளைவுகள், மேலே குவிமாடம், சுற்றிலும் சிறு குடைமண்டபங்கள். வலுத்த அரசின் பள்ளிவாசலில் ஐந்து வளைவு வாயில்கள், கண்கொள்ளாத சுதை வேலைப்பாடு. எதையும் மட்டம் என்று சொல்ல முடியாது.

ரயில்வேயில் வளைவுப் பாலங்களைப் பார்வையிட்டுப் பழகிய கண்ணுக்கு இன்னொன்றும் தெரிகிறது. வளைவும் குவிமாடமும் சுவரை வெளியே தள்ளும். 1444இல் எட்டு மூலைகளிலும் அடி பருத்து மேலே ஒடுங்கும் சாய்வுச் சுவர்கள் வைத்தார்கள். 1494இல் பள்ளிவாசலின் பின்மூலைகளில் நிற்கும் தூண்களும் அதேபோல் மேலே ஒடுங்குகின்றன. ஐம்பது ஆண்டுகளில் வம்சம் மாறியது; கொத்தனாரின் கைப்பழக்கம் தொடர்ந்தது.

துக்ளக்கிலிருந்து நேரே பாபருக்குத் தாவும் பாடம் இந்தத் தொடர்ச்சியைச் சொல்வதில்லை. அடுத்த முறை குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். முதலில் எண்கோணச் சமாதி, பிறகு பள்ளிவாசல் என்ற வரிசையில் காட்டி, மூலைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள்.