மோட்டாரைக் கழற்றுமுன்

செல்ஃப் எடுக்காத லாரிக்கு அடியில் ஸ்பேனரோடு நுழைந்து, எடுத்த எடுப்பில் மோட்டாரைக் கழற்றுகிற ஆளிடம் நான் வண்டியை விடுவதில்லை. மோட்டார் கெட்டிருக்கலாம்தான். ஆனால் கழற்றிப் பெஞ்சில் வைத்து பேட்டரி கொடுத்தால், அரைகுறை மோட்டார்கூட ஜோராகச் சுற்றும். ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினைப் புரட்டும்போது அது சில நூறு ஆம்பியர் இழுக்கிறது. கோளாறு அந்த இழுவையில்தான் வெளிப்படும். எல்லாம் மாட்டியபடி இருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. நான் சொல்வது கம்ப்யூட்டர் இல்லாத பழைய பம்ப் வண்டிகளைப் பற்றி.

நியூட்ரலில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டபடி சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். சத்தமே இல்லை, லைட்டும் மங்கவில்லை என்றால் சாலினாய்டுக்கே கரண்ட் போகவில்லை: சாவி சுவிட்ச், அல்லது அங்கிருந்து வரும் மெல்லிய ஒயர். லைட்டே எரியாவிட்டால் முதலில் கட்-ஆஃப் சுவிட்சைப் பாருங்கள். கிளீனர் அணைத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பான். 'டக்டக்டக்' என்று விடாமல் அடித்தால் வோல்டேஜ் தாங்கவில்லை. சாலினாய்டு இழுக்கிறது, மோட்டாருக்குக் கரண்ட் பாய்ந்ததும் வோல்டேஜ் விழுகிறது, சாலினாய்டு விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. ஒரே ஒரு கனத்த 'டக்' கேட்டு அதோடு நின்றால் சாலினாய்டு காண்டாக்ட் எரிந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், இன்ஜினே இறுகியிருக்கலாம்.

24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரிகளையும் சேர்த்து மீட்டர் வைத்துவிட்டு 'பேட்டரி நல்லாத்தான் இருக்கு' என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. நம் டிரைவர்கள் பாட்டுப் பெட்டிக்கும் ஃபேனுக்கும் ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்துவிடுவார்கள். அந்தப் பேட்டரி ஒருநாளும் நிரம்பாது. பக்கத்துப் பேட்டரி ஓவர் சார்ஜாகித் தண்ணீர் வற்றும். சேர்த்துப் பார்த்தால் 24.4 காட்டும். தனித்தனியே வைத்தால் ஒன்றில் 12.7, இன்னொன்றில் 11.7. அந்த 11.7 காலி பேட்டரி. அப்புறம் சாவியைத் திருப்பும்போதும் பாருங்கள். ஒரு பேட்டரி ஒன்பதரைக்குக் கீழே போனால் அது லோடு தாங்கவில்லை. மாற்றுவதென்றால் ஜோடியாக மாற்றுங்கள். பாட்டுக்குத் தனியாக ஒரு கன்வர்ட்டர் போட்டுவிடுங்கள், பேட்டரி விலையில் சிறு பங்குதான் ஆகும்.

பேட்டரி நன்றாக இருந்தும் எடுக்கவில்லையென்றால் நான் முதலில் சந்தேகப்படுவது எர்த்தை. இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் சேஸிஸுக்கும் நடுவே உள்ள பின்னல் பட்டைதான் கரண்ட் திரும்பும் வழி. கிளட்ச் வேலை, கியர்பாக்ஸ் வேலை முடிந்த கையோடு வந்த வண்டிகளில் அதை மாட்ட மறந்திருப்பார்கள், அல்லது பெயின்ட் மேலேயே முறுக்கியிருப்பார்கள். அப்போது கரண்ட் வேறு வழி தேடும். சங்ககிரி பக்கம் ஒரு வண்டியில் செல்ஃப் அடிக்க அடிக்க ஆக்ஸிலேட்டர் கேபிள் புகைந்தது. "அண்ணே, கேபிள் சுடுதுங்க" என்று கையை உதறினான் பையன். ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் கடிக்க வைத்தோம். ஒரே திருப்பில் புரண்டது. மீட்டர் இருந்தால், பேட்டரி நெகட்டிவின் ஈயக் குமிழில் ஒரு முனை, இன்ஜின் பிளாக்கில் மறுமுனை. செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. கிளாம்ப் மேல் வைக்காதீர்கள், கிளாம்புக்கும் குமிழுக்கும் நடுவே படிந்த வெள்ளைப் பூச்சுதான் குற்றவாளியாக இருக்கும். அதைச் சுடுதண்ணீரும் சோடா உப்பும் போட்டுக் கழுவினால் போதும்.

ஒன்றில் மட்டும் விளையாடாதீர்கள். ராத்திரி ரேடியேட்டர் தண்ணீர் குறைந்து, காலையில் ஒரு 'டக்'கோடு இன்ஜின் சுவரில் முட்டியதுபோல் நின்றால், சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். கேஸ்கட் போயிருக்கும். தண்ணீரை அமுக்க முடியாது. இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும். கிராங்க் புல்லி போல்ட்டில் நீள ஸ்பேனர் போட்டுக் கையால் புரட்டிப் பாருங்கள். முழுச் சுற்று வராவிட்டால் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு மெதுவாகப் புரட்டுங்கள். தண்ணீர் பீய்ச்சி வரும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் பார்த்தபின் மோட்டார்தான் என்றால் கழற்றுங்கள், பேட்டரி நெகட்டிவை முதலில் எடுத்துவிட்டு. பிரஷ் மட்டும் மாற்றி அனுப்பினால் போதாது. புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசுகிறதா என்று கேளுங்கள். மோட்டார் கடையில் இருக்கும் நேரத்தில், அந்த ஓட்டை வழியே டார்ச் அடித்து ஃப்ளைவீல் ரிங்கைப் புரட்டிப் பாருங்கள். ஆறு சிலிண்டர் இன்ஜின் அணையும்போது பெரும்பாலும் மூன்றே நிலைகளில் நிற்கும், அதனால் பல்லும் அந்த மூன்று இடங்களில்தான் தேயும். அங்கே பல் மழுங்கியிருந்தால் ரிங்கையும் மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் சரிசெய்து வந்த மோட்டாரின் பல்லையும் சீக்கிரமே தின்றுவிடும்.