ஒட்டகக்காரர் விட்டுச்சென்ற சுவடுகள்: பாலைவனப் பண்ணையொன்றில் ஒரு வரலாற்றுத் தேடல்

வரலாறு என்றாலே அரசர்களின் பட்டியலும் ஆண்டுகளின் அட்டவணையும்தான் என்று சலித்துக்கொள்ளும் தங்கைமாருக்கு, ஒரு திசைகாட்டியைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். தென் அவுஸ்திரேலியாவில் ஃபரினா என்றொரு கைவிடப்பட்ட ஊர் இருக்கிறது. அதன் மையவாடியில் வெள்ளையரின் கல்லறைகள் கிழக்கு மேற்காகக் கிடக்கின்றன. அவற்றிலிருந்து விலகி வேறு சில மண்மேடுகள். கையிலிருந்த திசைகாட்டியைத் தரையில் வைத்துப் பார்த்தேன். அவை ஏறத்தாழ வடக்குத் தெற்காக இருந்தன.

நம் ஊரில் மையித்தை எப்படி வைப்போம்? தலை வடக்கே, கால் தெற்கே. வலப்பக்கம் சாய்த்து, முகம் மேற்கே கிப்லாவை நோக்கி. அந்தப் பாலைவனத்திலிருந்து பார்த்தாலும் கஃபா மேற்கிற்குச் சற்று வடக்கேதான் அமைகிறது. ஆகவே அங்கேயும் கப்று இப்படித்தான் வெட்டப்பட வேண்டும். பெயரோ தேதியோ இல்லாத மண்மேடுகூட உள்ளே கிடப்பவர் யாரென்று ஓரளவு சொல்லிவிடுகிறது. அன்று நான் கற்ற முதற்பாடம் இது.

நான் தங்கியிருந்த இடம் விச்செலினா. அமெரிக்கர் ராஞ்ச் என்று சொல்லும் பெரிய மேய்ச்சற் பண்ணையை அவுஸ்திரேலியர் ஸ்டேசன் என்பார்கள். அடிலெய்டிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீற்றர் வடக்கே, லின்ட்ஹர்ஸ்ட் என்ற சிற்றூருக்கு அப்பால், 4,200 சதுர கிலோமீற்றர் பரப்பில் விரிந்து கிடக்கிறது இது. நம் அம்பாறை மாவட்டத்தை விடச் சற்றுத்தான் சிறியது. நூறாண்டுக்கும் மேலாக ஆடுமாடுகள் மேய்ந்த இந்த நிலத்தை 2010இல் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வாங்கியது. மந்தைகள் வெளியேற்றப்பட்டு, நிலம் ஓய்வுக்கு விடப்பட்டது.

தொண்டர்களுடன் சேர்ந்து தாவரங்களைக் கணக்கெடுப்பதே எனக்குத் தரப்பட்ட வேலை. அங்கே ஒரு வழக்கம். நிலத்தில் ஓர் இரும்புக் குற்றியை நட்டு, ஆண்டுதோறும் அதே இடத்தில், அதே திசை நோக்கி நின்று படம் எடுப்பார்கள். ஒரு படத்தைத் தனியே பார்த்தால் வெறும் புதர்கள்தான் தெரியும். பத்துப் படங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தாலோ உப்புப் புதர்கள் மெல்ல மெல்லத் திரும்பி வருவது தெரியும். பழைய ஊர்களின் நிழற்படங்களையும் இப்படியே பார்க்கலாமே என்ற எண்ணம் அப்போதுதான் எனக்கு வந்தது.

இரவில் குளிர் எலும்பைத் துளைக்கும். ஒருநாள் உம்மா தொலைபேசியில் கேட்டார்: "மகள், அந்தப் பாலைவனத்தில நம்மட ஆக்கள் யாராச்சும் இரிக்காங்களா?"

"இப்ப இல்ல உம்மா. முந்தி இரிந்திரிக்காங்க" என்றேன்.

அந்த 'முந்தி' எப்போது தொடங்கியது? 1860இல் பர்க், வில்ஸ் ஆகியோரின் ஆய்வுப் பயணத்துக்காக இந்தியாவிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களும் அவற்றை ஓட்டத் தெரிந்தவர்களும் கொண்டுவரப்பட்டனர். 1866 பிறந்த வேளையில், தொமஸ் எல்டர் என்ற பெருஞ்செல்வருக்காக நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களும் 31 ஒட்டகக்காரரும் போர்ட் அகஸ்டா துறைமுகத்தில் வந்திறங்கினர். அதன்பின் வரவு பெருகியது. குதிரையும் எருதும் தாகத்தால் விழுந்துவிடும் நிலத்தில் ஒட்டகம் அரைத் தொன் சுமையோடு நடந்தது. கம்பளி மூட்டைகள் வெளியே போயின. மாவு, தேயிலை, தகரம், தந்திக் கம்பம் எல்லாம் உள்ளே வந்தன. 1870 முதல் 1872 வரை கண்டத்தைக் குறுக்கறுத்துப் போடப்பட்ட தந்திப் பாதைக்கும் ஒட்டகங்களே சுமை தூக்கின.

இவர்கள் எல்லோரையும் 'அப்கான்' என்று ஒரே சொல்லில் அழைத்துவிட்டார்கள். உண்மையில் பலூச்சியர், பஷ்தூனியர், சிந்தியர், பஞ்சாபியர் எனப் பலரும் இருந்தனர். பெரும்பாலோர் இன்றைய பாகிஸ்தானின் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அடிலெய்டிலிருந்து டார்வின் வரை ஓடும் 'த கான்' என்ற சொகுசு ரயிலுக்கும் அந்தச் சொல்லே பெயரானது. அதில் ஏறும் பயணிகளில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

ஃபரினாவின் கதை தனிச் சுவையானது. ஜோர்ஜ் கொய்டர் என்ற நில அளவை அதிகாரி 1865இல் வரைபடத்தில் ஒரு கோடு கீறினார். இதற்கு வடக்கே மழையை நம்பிப் பயிரிட வேண்டாம் என்பதே அதன் பொருள். பின்னர் சில ஆண்டுகள் நல்ல மழை பெய்தது. ஏர் போகும் இடத்துக்கு மழையும் பின்னே வரும் என்று மக்கள் நம்பத் தொடங்கினர். கொய்டரின் கோட்டுக்கு வெகுதூரம் வடக்கே, 1878இல் ஓர் ஊரை அளந்து ஃபரினா என்று பெயரிட்டார்கள். இலத்தீனில் அதற்கு மாவு என்று பொருள். கோதுமை விளையும் என்ற ஆசையில் வைத்த பெயர். ஆண்டுக்கு 200 மில்லிமீற்றர் மழைகூடப் பெய்யாத இடத்தில் கோதுமையா? வயல் பொய்த்தது. 1882இல் வந்த ரயில்தான் ஊரைச் சில காலம் காப்பாற்றியது. இரண்டே ஆண்டுகளில் தண்டவாளம் இன்னும் வடக்கே ஹேர்கொட் ஸ்பிரிங்ஸ் வரை போய்விட்டது. இன்று கூரையிழந்த கற்சுவர்களும் நிலத்தடியில் ஒரு பழைய ரொட்டி அடுப்பும் நிற்கின்றன. குளிர்காலத்தில் தொண்டர்கள் வந்து அந்த அடுப்பில் ரொட்டி சுடுகிறார்கள்.

அந்த ஹேர்கொட் ஸ்பிரிங்ஸ்தான் இன்றைய மாரீ. அங்கிருந்து பேர்ட்ஸ்வில் வரை 500 கிலோமீற்றருக்கும் மேல் நீளும் பாதையில் ஒட்டக வரிசைகள் போய்வந்தன. ஊரை ரயில் தண்டவாளம் இரண்டாகப் பிரித்தது. ஒருபக்கம் வெள்ளையர், மறுபக்கம் ஒட்டகக்காரரும் ஆதிக்குடிகளும். கான் டவுன் எனப்பட்ட அந்த மறுபக்கத்தில் மண்சுவரும் தழைக்கூரையுமாக ஒரு பள்ளிவாசல் இருந்தது. அதன் பழைய நிழற்படத்தில், முன்னே ஒரு சிறு நீர்த்தேக்கம் தெரிகிறது. நம் பள்ளிவாசல்களின் ஹவுழ்! அவ்வளவு வரண்ட நிலத்திலும் வுழூவுக்கென்று தண்ணீரை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இப்போது அதன் மாதிரியொன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அருகே பேரீச்ச மரங்களும் நிற்கின்றன.

மாரீயில் வாழ்ந்தவர் பலூச்சிஸ்தானைச் சேர்ந்த பெஜா தெர்விஷ். 1896இல் கல்வேர்ட் ஆய்வுக்குழு மேற்கு அவுஸ்திரேலியாவின் பெரும் மணற்பாலையைக் கடந்தபோது ஒட்டகங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் அவரே. இருவரைப் பலிகொண்ட பயணம் அது. தலைவர் லோரன்ஸ் வெல்ஸ் தமது திசைகாட்டியை அவருக்கே பரிசாகக் கொடுத்தார். 1957இல் பெஜா காலமானார். அதற்கு முன்பே, 1939இல், அவருடைய மகன் மடிகனின் குழுவோடு சிம்சன் பாலைவனத்தைக் கடந்திருந்தார்.

பெஜாவின் பெயராவது நிலைத்தது. மற்றவர்களுடையது? தேசிய நூலகத்தின் எண்ணிமப் பத்திரிகைக் களஞ்சியத்தில் மாலை மாலையாகத் தேடினேன். முஹம்மத் என்ற ஒரே பெயர் மஹொமெட், மஹோமட், முகமெட் என்று ஆளுக்கொரு விதமாக அச்சாகியிருந்தது. ஒரே மனிதர் மூவராகவும், மூவர் ஒருவராகவும் மாறிவிடுவார்கள். பல இடங்களில் 'ஓர் அப்கான்' என்பதோடு சரி. நானும் ஒருமுறை இருவரை ஒருவரென்று எழுதிவிட்டு, இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கத்தையே கிழித்தெறிந்தேன்.

பெண்களைத் தேடினால் நிலைமை இன்னும் மோசம். 1901இல் வந்த குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் கதவை மூடியது. 1903இன் சட்டம் ஆசியர்களுக்குக் குடியுரிமையை மறுத்தது. ஊரிலிருந்து மனைவியரை அழைத்துவர வழியில்லை. பலர் தனியாகவே வாழ்ந்தனர். சிலர் ஆதிக்குடிப் பெண்களை மணந்தனர். சிலர் வெள்ளைக்காரப் பெண்களை. அப்படி ஒரு ஒட்டகக்காரரை மணந்த வினிஃப்ரெட் ஸ்டீகர் 1969இல் தம் வாழ்வை நூலாக எழுதினார். ஆதிக்குடி மனைவியரில் பெரும்பாலோருக்கு அந்த வாய்ப்பு வாய்க்கவில்லை.

இந்த வரலாற்றை மீட்டெடுத்தவர்களில் பெண்கள் முன்னே நிற்கிறார்கள் என்பது எனக்கு மகிழ்ச்சி. கிறிஸ்டீன் ஸ்டீவன்ஸ் 1989இலேயே இவர்களைப் பற்றி விரிவான நூல் எழுதினார். வங்காள வம்சாவளியினரான சாமியா காத்தூன், புரோக்கன் ஹில் நகரின் தகரப் பள்ளிவாசலுக்குப் போனார். அங்கே குர்ஆன் என்று காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த நூலைத் திறந்து பார்த்தார். அது நபிமார்களின் கதைகளைப் பாடும் 'கஸஸுல் அம்பியா' என்ற வங்காளக் காவியம்! வங்காள மொழி பேசியவர்களும் அங்கே இருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சியாயிற்று. அத்தனை காலமும் அந்த நூலைத் திறந்தவருக்கெல்லாம் அந்த எழுத்து படிக்கத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

மோட்டார் லொறிகள் வந்ததும் ஒட்டகங்களுக்கு வேலை போயிற்று. பதிவில்லாத ஒட்டகங்களைச் சுட அனுமதிக்கும் சட்டம் 1925இல் தென் அவுஸ்திரேலியாவில் வந்தது. தம்மோடு பாலை கடந்த மிருகத்தைச் சாகவிட மனமில்லாத பலர் கயிற்றை அவிழ்த்துக் காட்டில் விட்டனர். அவற்றின் சந்ததி இலட்சக்கணக்கில் பெருகி, இன்று நீர்நிலைகளைக் கலக்கிப் புதர்களை அழிக்கிறது. பேரீச்சையும் அப்படித்தான். டல்ஹௌசி ஊற்றுகளில் அந்த மரங்கள் காடாய்ப் பெருகித் தண்ணீரை உறிஞ்ச, அவற்றை வெட்டி அகற்ற வேண்டியதாயிற்று. நிலத்தைக் காப்பவர்கள் சொல்வது சரி என்பதை, புதர்களை எண்ணிப் பழகிய என்னால் மறுக்க முடியவில்லை. ஆனாலும், ஒருவர் தம் ஊர் நினைவாய் நட்ட மரம் களையாகிவிட்டதே என்று மனம் கனத்தது. எல்லாவற்றையும் வெட்டிவிடாமல் மாரீயில் உள்ளதுபோல் ஊருக்குள் சில நிற்கட்டும் என்பது என் கருத்து.

திரும்பும் முன் ஒருமுறை ஃபரினா மையவாடிக்குப் போனேன். ஸலாம் சொல்லி, ஸூரத்துல் ஃபாத்திஹாவை ஓதினேன். பின் குறிப்பேட்டைத் திறந்து, ஒவ்வொரு மேட்டின் நீளத்தையும் திசையையும் எழுதினேன். பெயருக்கான கட்டத்தை வெறுமையாகவே விட்டேன்.