நம்பரைப் பிடித்துப் புதையல் தேடலாம் வாங்க!



அட்சரேகை, தீர்க்கரேகை என்று சமூக அறிவியலில் படிக்கிறோம். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறோம். ஆனால் அந்த ரெண்டு கோட்டையும் வைத்து உலகம் முழுக்க ஒரு விளையாட்டு நடக்குது. அதன் பெயர் ஜியோகேச்சிங். ஜியோ என்றால் பூமி. கேச் என்றால் ஒளித்து வைத்த பொருள். ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் எண்களை மட்டும் எல்லோருக்கும் சொல்வார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு தேடிப் போகணும்.

இது எப்படி ஆரம்பித்தது தெரியுமா? முன்பெல்லாம் பொதுமக்களுக்குக் கிடைக்கும் ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியது. அதனால் 100 மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும். 2000 மே 2-ல் அதை நிறுத்தினார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்துக் காட்டில் ஒரு கறுப்பு வாளியை வைத்து, அதன் எண்களை அறிவித்தார். அதற்குள் ஒரு நோட்டு, பென்சில், இன்னும் சில சாமான்கள், ஒரு பீன்ஸ் டின்! (நம்ம மலையில் ஒளித்து வைத்தால் பீன்ஸை மட்டும் யாரும் எடுக்க மாட்டாங்க.) சில நாளிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

சில டப்பாக்கள் ரொம்ப அபூர்வம். 2008-ல் ரிச்சர்ட் கேரியட் என்பவர் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலேயே ஒன்றை வைத்துவிட்டு வந்தார். அங்கே போய்த் தேட நம்மால் முடியுமா?

இனி கணக்குக்கு வருவோம். கொடைக்கானல் வடக்கு 10 டிகிரி 14 நிமிடம், கிழக்கு 77 டிகிரி 29 நிமிடம். அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது சுமார் 111 கிலோமீட்டர். அதை 60-ஆல் வகுத்தால் ஒரு நிமிடம் 1.85 கிலோமீட்டர். நம்ம மலையில் தீர்க்கரேகையின் நிமிடமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆக டிகிரியும் நிமிடமும் மட்டும் சொன்னால், கொடைக்கானல் ஏரி மாதிரி பத்து ஏரி கொள்ளும் பரப்பில் ஒரு டப்பாவைத் தேடணும்! அதனால் நிமிடத்துக்குப் பிறகு புள்ளி வைத்து மூன்று இலக்கம் தருவார்கள். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் இடம் 1.85 மீட்டர், அதாவது ரெண்டு மூணு எட்டு நகரும்.

செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அது வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துக் கருவி தூரத்தைக் கணக்குப் போடும். நாலு செயற்கைக்கோளாவது தெரிந்தால்தான் இடம் சரியாகக் கிடைக்கும். மஞ்சு இறங்கினாலும் சிக்னல் வரும், நம்ம கண்ணுக்குத்தான் தெரியாது! ஆனால் பள்ளத்தாக்கிலும் அடர்ந்த சோலைக்குள்ளும் சிக்னல் தடுமாறும்.

டீச்சர் போனை வைத்து ஒன்பதாம் வகுப்பில் நாங்களும் விளையாடினோம். போன் எங்களைக் கொண்டுபோய் விட்டது சவுக்கு மரத்தடியில். அங்கே நின்றால் எண் மாறிக்கிட்டே இருக்கு, டப்பாவைக் காணோம். கடைசியில் போனைப் பார்க்காத ஒரு பிள்ளைதான் எடுத்தாள். சுற்றிலும் பாசி பிடித்த கல், ஒரு கல்லில் மட்டும் பாசி கீழ்ப்பக்கமா இருந்ததாம். எண் கூட்டிக்கொண்டு வரும், அதுக்கு மேல கண்ணுதான் தேடணும். அந்த நேரத்து நெஞ்சுப் படபடப்பை எழுத்தில் சொல்ல முடியாது.

இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்தது அதன் விதிகள். மண்ணைத் தோண்டக் கூடாது. எதையாவது எடுத்தால் அதே மதிப்புள்ள வேறொன்றை வைக்கணும். நோட்டில் பெயர் எழுதி, இருந்த மாதிரியே மூடி வைக்கணும்.

நம்ம பழனி மலையில் இதைவிடப் பழைய பெட்டிகள் இருக்கே! கல்திட்டைகளைச் சொல்கிறேன். சுற்றிலும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல். பெருங்கற்காலத்து மக்கள் இறந்தவர்களுக்காக வைத்தவை. தாண்டிக்குடிப் பக்கம் பார்க்கலாம். ஆங்லேட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரியார்கள் இந்த மலை முழுக்கத் தேடி எழுதிய புத்தகத்தை 1928-ல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. அவர்களிடம் ஜி.பி.எஸ். ஏது? நடைதான்.

எங்க ஊருக்கு மேலேயும் ஒன்று இருக்கு. மூடுகல் ரெண்டா உடைந்து கிடக்குது. உள்ளே தங்கம் இருக்கும்னு யாரோ கடப்பாரை போட்டாங்களாம். தாத்தா சின்ன வயதில் பார்த்தபோது முழுசா இருந்ததாம். இன்னும் உடையாத ஒன்றையும் நான் பார்த்திருக்கிறேன். அதன் எண்ணைக் குறித்துத் தர முடியுமா என்று தோழிகள் கேட்டார்கள். தர மாட்டேன். பார்க்க ஆசைப்படுகிறவர்களை நானே கூட்டிக்கொண்டு போகிறேன், வெறுங்கையோடு வரணும்.

பள்ளிக்கூடத்துப் பெட்டியின் எண்ணை மட்டும் தருகிறேன். டிகிரியும் நிமிடமும் நம்ம வளாகம் முழுக்க ஒன்றுதான், போனில் பார்த்துக்கொள்ளுங்கள். புள்ளிக்குப் பிறகு வடக்கு 412, கிழக்கு 087. மதிய இடைவேளையில் டீச்சர் போன் தருவார். உள்ளே ரெண்டு பென்சில், ஒரு நோட்டு, ஒரு பேரிக்காய் இருக்கு. பேரிக்காய் அழுகுறதுக்குள்ள வாங்க!