வீட்டு உபயோகத்திற்குச் சொற்ப விலையில் இணையத் தொலைபேசி தெரிந்தெடுத்தல்

விவசாயக் குடும்பத்திற்கு இந்நாளில் இன்றியமையாத கருவிகளுள் இணையத் தொலைபேசியும் ஒன்றாகிவிட்டது. ‘ஸ்மார்ட் போன்’ என யாவரும் வழங்கும் இக்கருவியைச் சில வருஷங்களுக்கு முன் பட்டணவாசிகளின் ஆடம்பரமென்று ஒதுக்கியவர்களும் இன்று அதனைக் கொண்டே பட்டா, சிட்டா நகல்களைப் பெறுகின்றனர். தமிழ்நாட்டு அரசினர் 2018-ஆம் வருஷத்தில் வெளியிட்ட ‘உழவன்’ செயலியில் மானிய விவரங்களும் சந்தை விலையும் கிடைக்கின்றன. 2019-இல் வெளிவந்த ‘மேகதூத்’ செயலியில் ஜில்லாவாரியான வானிலைக் குறிப்பும் பயிர் யோசனையும் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வருகின்றன. அதே வருஷம் தொடங்கிய பிரதம மந்திரி கிசான் திட்டத்தில் வருஷத்திற்கு ரூ.6,000 பெறும் குடியானவர், ஓ.டி.பி. என்னும் ஒருமுறைக் கடவு எண் தம் தொலைபேசிக்கு உரிய நேரத்தில் வந்து சேராமையால் அலைய நேரிடுவதைக் கிராம அதிகாரிகள் நன்கறிவார்கள்.

ஆயினும் இதனை வாங்குவதில் நம்மவர் காட்டும் கவனம் போதாது. சந்தைக்கு மாடு பிடிக்கச் செல்லும் குடியானவர் பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நடத்திப் பார்க்கிறார், துண்டின் மறைவில் விரலைப் பிடித்து விலை பேசுமுன் தமக்குத் தெரிந்த இருவரைக் கேட்கிறார். அவரே தொலைபேசிக் கடையில், காமிராவின் அழகையும் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களையும் கண்டு, கால் மணி நேரத்தில் ரொக்கத்தைக் கொடுத்துவிடுகிறார். பத்தாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட தொலைபேசிகளையே இங்கே கருதுகிறோம். அத்தொகை சிறு சாகுபடிக்காரருக்குச் சொற்பமன்று.

இக்கட்டுரையாளர் அறிந்த ஒரு தோட்டத்து வீட்டில் நிகழ்ந்ததை இங்கே சொல்வது பொருந்தும். அவ்வீட்டார் சோள அறுவடைப் பணத்தில் நல்லதொரு தொலைபேசி வாங்கினர். கடைத்தெருவில் அது குறைவின்றி வேலை செய்தது. வீட்டுக்குள்ளோ, சுவரோரத்தில் ஒரு ஜன்னலருகே நின்றால் மட்டும் பேச முடிந்தது. ‘நாளடைவில் சரியாகும்’ என்றிருந்தனர். ஐப்பசி மழைக் காலத்தில் ஓரிரவு, தொழுவத்தில் தரையிற் படுத்திருந்த பெரியவரைக் கட்டுவிரியன் தீண்டிவிட்டது. மகன் 108-ஐ மும்முறை அழைத்தும் பேச்சு அறுந்து அறுந்து போயிற்று. இருட்டில் கிணற்று மேட்டுக்கு ஓடி நின்று பேசிய பின்னரே வண்டி வந்தது. பெரியவர் விஷமுறிவு மருந்தினால் பிழைத்தார். பின்னர் விசாரித்ததில், அதைவிட மலிவான தொலைபேசி வைத்திருந்த அடுத்த தோட்டத்துக்காரர் தம் வீட்டு நடுக்கூடத்திலிருந்தே தடையின்றிப் பேசி வந்தது தெரியவந்தது. அவருடைய சிம் வேறு கம்பெனியுடையது. அக்கம்பெனியின் கோபுரம் அருகிலிருந்தது. குற்றம் கருவியிலன்று, இடத்திற்கு ஒவ்வாத சிம்மிலேயே இருந்தது. எண்ணை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி 2011 முதல் நாடெங்கும் இருந்தும், அவ்வீட்டார் அதனைப் பயன்படுத்த எண்ணவில்லை. மாற்றிய பின் அதே தொலைபேசி வீட்டின் எம்மூலையிலும் வேலை செய்கிறது.

சிக்னலைச் சோதித்தல்

ஆகவே தொலைபேசியைத் தெரிந்தெடுக்குமுன் வீட்டைச் சோதித்தல் வேண்டும். இதற்குச் செலவில்லை. வெவ்வேறு கம்பெனிகளின் சிம் வைத்திருக்கும் உறவினர், அயலார் இருவர் மூவரை அழைத்து, அவர்களுடைய தொலைபேசிகளை வீட்டு நடுக்கூடத்திலும், படுக்குமிடத்திலும், தொழுவத்திலும், பம்ப்செட் கொட்டகையிலும் வைத்துப் பார்க்கவேண்டும். கதவுகளைச் சாத்திவிட்டுப் பார்த்தல் நலம். பகலில் ஒரு முறையும், ஊரார் யாவரும் உபயோகிக்கும் இரவு ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் ஒரு முறையும் பார்க்கவேண்டும். பகலில் நன்றாயிருந்து இரவில் நெரிசலால் மந்தமாகும் கோபுரங்கள் உண்டு.

திரையின் மேல் காணும் கோடுகளை மாத்திரம் நம்பலாகாது. அவை கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு தொலைபேசிகளில் அமைப்புகள் என்ற பகுதியில், ‘தொலைபேசியைப் பற்றி’ என்பதன் உள்ளே சிம் நிலை என்னுமிடத்தில் சிக்னல் வலிமை எண்ணாகக் காட்டப்படும். அது கழித்தற்குறியுடன் 85 என்றோ 110 என்றோ இருக்கும். இதனைக் கடனைப்போல் கருதலாம். எண் பெருகப் பெருக நிலைமை மோசம். நான்காம் தலைமுறைச் சேவையில் கழித்தல் 90-க்குள் இருப்பின் நல்லது. 100-ஐ ஒட்டியிருப்பின் சமாளிக்கலாம். 110-ஐத் தாண்டினால் பேச்சு அறுபடும் என்று எதிர்பார்க்கவேண்டும். எண் மூன்று கூடினாலே கிடைக்கும் வலிமை பாதியாகிவிடுமாதலால், 100-க்கும் 106-க்கும் உள்ள பேதம் அற்பமானதன்று. தகரக் கூரையும் காங்கிரீட் தளமும் அலைகளை வெகுவாகத் தடுக்கும். ஓலைக் கூரை அவ்வளவு தடுப்பதில்லை. ஓலை வீட்டில் நன்றாயிருந்த தொலைபேசி புதிதாகக் கட்டிய மாடி வீட்டில் திணறுவதன் காரணம் இதுவே.

இக்குறையைத் தீர்ப்பதாகச் சொல்லி ‘பூஸ்டர்’ என்னும் அலைபெருக்கிகளைச் சிலர் விற்கின்றனர். அனுமதியின்றி அவற்றை வைப்பது சட்டத்திற்கு மாறானது. அயலாரின் சேவையையும் அது கெடுக்கும்.

அலைவரிசை

பெட்டியின் மேல் ‘4ஜி’ என்று எழுதியிருப்பது போதாது. எந்த அலைவரிசைகளை அத்தொலைபேசி ஏற்கும் என்பதே விஷயம். தணிந்த அலைவரிசைகளான 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் ஆகியவை பாரவண்டி மாட்டைப் போன்றவை. வேகம் குறைவாயினும் நெடுந்தூரம் சென்று சுவரையும் ஊடுருவும். 1800, 2300, 2500 முதலியவை ரேக்ளா மாட்டைப் போன்றவை, வேகமுண்டு, தூரமில்லை. கோபுரத்திற்கு இரண்டு மூன்று மைல் அப்பாலுள்ள தோட்டத்து வீடுகள் பெரும்பாலும் தணிந்த வரிசையை நம்பியே இருக்கின்றன. கருவியின் விவரத் தாளில் இவை எண்களாற் குறிக்கப்படும்: 28 என்பது 700, 5 என்பது 850, 8 என்பது 900, 3 என்பது 1800, 40 என்பது 2300. ஜியோவுக்கு 3, 5, 40 ஆகியவையும், ஏர்டெல்லுக்கு 3, 8, 40 ஆகியவையும் முக்கியமானவை. பி.எஸ்.என்.எல். நிறுவனம் 2025 செப்டம்பரில் நாடெங்கும் தொடங்கிய நான்காம் தலைமுறைச் சேவையில் 700 மெகாஹெர்ட்ஸையும் உபயோகிப்பதால், அச்சேவையை நம்பும் ஊரார் 28-ஆம் வரிசை தொலைபேசியில் உண்டா என்று கேட்டே வாங்கவேண்டும். பழைய தொலைபேசிகள் சிலவற்றில் அது இல்லை.

ஐந்தாம் தலைமுறைச் சேவை 2022 அக்டோபரில் நம் நாட்டில் வந்தது. தம் ஊர்க் கோபுரத்தில் அது இல்லாதவர் அதற்காகவே அதிக விலை கொடுப்பது, ஆற்றில் தண்ணீர் வருமுன் மதகுக்கு வர்ணம் பூசுவது போலாகும்.

வீட்டுக்குக் கண்ணாடியிழைக் கம்பி வழியாக இணையம் வந்துள்ளவர்களுக்கு வேறொரு சௌகரியம் உண்டு. கோபுரத்தின் சிக்னல் வீட்டுக்குள் எட்டாவிடினும், வீட்டு வை-ஃபை வழியாகவே சாதாரண எண்ணில் பேசலாம். இதனை ‘வை-ஃபை காலிங்’ என்பர். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதனைத் தொடங்கின. இதற்கெனத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் தொலைபேசி இதற்கு இசைந்ததாயிருக்க வேண்டும். சொற்ப விலைக் கருவிகளில் சில இசைவதில்லை. மின்சாரம் நின்றால் வை-ஃபை பெட்டியும் நின்றுவிடுமாதலால், அதற்கொரு சிறு பாட்டரி வைத்தல் அவசியம். புயல் மழை இரவுகளில் இதனை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

கருவியின் உட்கூறுகள்

சிக்னல் தீர்மானமான பிறகே கருவியை நோக்கவேண்டும். காமிராவைப் பற்றி இங்கே விரிப்பதற்கில்லை. இலையில் கண்ட புள்ளியைப் படமெடுத்து வேளாண்மை உதவி அலுவலருக்கு அனுப்பும் அளவுக்கு, இவ்விலையில் விற்கும் எல்லாக் காமிராக்களும் உதவும். முக்கியமானது கொள்ளிடம். 32 ஜிகாபைட் கொள்ளிடமுள்ளவற்றில் கணிசமான பங்கை இயக்கமுறையே விழுங்கிவிடும். எஞ்சியது குடும்ப வாட்ஸ்அப் குழுவின் காலை வணக்கப் படங்களால் சில மாதங்களில் நிரம்பும். பின் வங்கிச் செயலி புதுப்பிக்கப்படாமல் நின்றுபோகும். அது நிற்பது எப்பொழுதும் பணம் அனுப்பவேண்டிய நாளிலேயே. 64 ஜிகாபைட்டுக்கும், 4 ஜிகாபைட் ரேமுக்கும் குறைந்ததை வாங்க வேண்டாமென்பது எமது அபிப்பிராயம். ‘எட்டு ஜிபி ரேம்’ என்று விளம்பரம் கண்டால், அது மெய்யான எட்டா, நாலும் நாலும் கூட்டிய எட்டா என்று கேட்கவேண்டும். கூட்டிய நாலு, கொள்ளிடத்திலிருந்து இரவல் வாங்கியது; மெய்யான ரேமின் வேகம் அதற்கில்லை.

பாட்டரி 5,000 மில்லியாம்பியர் மணி அளவுள்ளதாயின் வீட்டு உபயோகத்திற்குத் தாராளம். திரையைக் கடையின் விளக்கொளியில் பாராமல், வாசலுக்கு வந்து வெயிலில் பார்க்கவேண்டும்; வயலில் எழுத்துத் தெரியாத திரையால் பிரயோஜனமில்லை. நீர், தூசித் தடுப்பைக் குறிக்கும் ஐ.பி. எண்ணில் 54 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்றே பொருள்; வாய்க்காலில் விழுந்தால் தாங்குமென்பதன்று. உடைந்த திரையைத் தாலுகா ஊரிலேயே மாற்றித் தருவார்களா என்பதையும், பாதுகாப்புப் புதுப்பித்தல்கள் இன்னும் எத்தனை வருஷம் வருமென்பதையும் வாங்குமுன் விசாரித்தறிக. புதுப்பித்தல் நின்றுபோன பழைய மாதிரியைச் சகாய விலையென்று வாங்கி, அதில் வங்கிக் கணக்கை வைத்திருத்தல் ஆபத்து.

பட்டன் போன்

வீட்டில் ஒவ்வொருவருக்கும் இணையத் தொலைபேசி வேண்டுவதில்லை. கண் மங்கிய முதியவர்களுக்கும் வயலில் வேலை செய்வோருக்கும் பட்டன் போனே ஏற்றது. சில கம்பெனிகளுக்கு இரண்டாம் தலைமுறைச் சேவையே இல்லையாதலால், அது ‘வோல்டி’ முறையில் பேசவல்ல 4ஜி பட்டன் போனாக இருத்தல் வேண்டும். மிக மலிவானவற்றுள் சில, விற்கும் கம்பெனியின் சிம்மை மாத்திரமே ஏற்கும். இதனைக் கடையில் வேறு சிம் போட்டுப் பார்த்துத் தெளிந்துகொள்க. இணையமில்லாத போனிலும் குரல் வழியாகப் பணம் செலுத்தும் முறை 2022 முதல் உண்டு. பயிர் விஷயமான சந்தேகங்களுக்குக் கிசான் அழைப்பு நிலையத்தின் 1800-180-1551 என்ற எண்ணில், காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் இரண்டு போன்கள் இருக்குமாயின், இரண்டிலும் ஒரே கம்பெனியின் சிம்மைப் போடுவது தவறு. ஒரு கோபுரம் பழுதானால் மற்றது உதவும்படி வெவ்வேறாக வைத்தல் வேண்டும். இணையத் தொலைபேசியில் பவர் பொத்தானை மும்முறை விரைந்து அழுத்தினாலும், பட்டன் போனில் 5 அல்லது 9-ஆம் எண்ணை அழுத்திப் பிடித்தாலும் அவசர அழைப்புச் செல்லுமாறு 2017 முதல் விற்கும் கருவிகளில் அமைக்கவேண்டுமென்பது விதி. வாங்கிய அன்றே வீட்டுப் பெண்டிருக்கும் பெரியவர்களுக்கும் இதனைக் காட்டிவைக்கவேண்டும்.

வாங்கிய பின்

பில் இல்லாமல் எதையும் வாங்கலாகாது. *#06# என்று அழுத்தினால் தோன்றும் 15 இலக்க எண், கால்நடையின் காதுத்தோட்டு எண்ணைப் போன்றது. பில்லில் உள்ளதும் இதுவும் ஒன்றாயிருக்கவேண்டும். பழைய போன் வாங்குவோர், ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்ற மூன்றெழுத்தையும் ஓர் இடைவெளிவிட்டு இவ்வெண்ணையும் எழுதி 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது களவுப்பொருளாகத் தடுக்கப்பட்டதா என்பதை அறியலாம்.

கிசான் தவணை வந்திருப்பதாகச் சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்புகளைத் திறக்கவே கூடாது. அரசாங்கச் செயலிகளைப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டுமே இறக்கவேண்டும். கடவு எண்ணைக் கேட்பவர் எவராயினும், தாம் வங்கி மானேஜரென்றே சொன்னாலும், கொடுக்கலாகாது. பணம் பறிபோனதாகத் தெரிந்தால் அந்த நாழிகையிலேயே 1930-ஐ அழைக்கவேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கணக்குவிட்டுக் கணக்கு மாறிப் பிடிக்க இயலாததாகும். தொலைபேசியே காணாமற்போனால், போலீஸில் மனுக் கொடுத்து, மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் அந்த 15 இலக்க எண்ணைப் பதிந்தால் அது எந்தக் கம்பெனியின் சிம்மிலும் வேலை செய்யாதபடி தடுக்கப்படும். அதற்கு அவ்வெண் கையில் இருக்கவேண்டுமாகையால், பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டைக் கிழித்துப் பில்லுடன் சேர்த்துப் பட்டா இருக்கும் பெட்டியிலேயே வைத்துவிடுவது நல்லது.