தீக்கோழி: கோழியா, ஒட்டகமா?



தீக்கோழி இறைச்சி ஹலாலா என்று கேட்பவர்கள் உண்டு. பதில் சுருக்கமானது: ஹலால். கால் நகத்தால் இரையைக் கிழித்துத் தின்னும் பறவை இனத்தில் அது இல்லை. ஆனால் அதை எப்படிப் பிடித்தார்கள், எப்படி அறுத்தார்கள் என்று கேட்பவர் அரிது.

தமிழில் நாம் அதைக் கோழி என்கிறோம். உர்தூவில் ஷுதுர்முர்க், அதாவது ஒட்டகப் பறவை. பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். இஹ்ராமில் இருப்பவர் வேட்டைப் பிராணியைக் கொன்றால், அதற்கு ஈடான கால்நடையைப் பரிகாரமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது அல்மாயிதா அத்தியாயத்தின் 95ஆவது வசனம். தீக்கோழிக்கு எது ஈடு? உமர் (ரலி), உஸ்மான் (ரலி), அலி (ரலி) ஆகியோர் ஒட்டகம் என்று தீர்ப்பளித்ததாக அறிவிக்கப்படுகிறது. அந்த அறிவிப்பின் பலம் பற்றி ஹதீஸ் கலையினரிடம் பேச்சு உண்டு. இருந்தும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் ஒட்டகம் என்றே சொன்னார்கள்.

அமெரிக்காவில் நடந்தது இதற்கு நேர்மாறு. கால்நடைகளை வேதனை குறைத்து அறுப்பதற்கான சட்டம் அங்கே 1958இல் வந்தது. மார்க்க முறைப்படி அறுப்பதையும் அது ஏற்றுக்கொண்டது. மாடு, ஆடு, பன்றியெல்லாம் அதில் அடங்கும். கோழியினத்துக்கு அதை அந்நாட்டு வேளாண் துறை பொருத்துவதில்லை. 2001இல் தீக்கோழி, ஈமு இறைச்சிக்கு அரசுப் பரிசோதனை கட்டாயமானபோது, அவற்றைக் கோழியினச் சட்டத்தின் கீழ் கொண்டுபோய் வைத்தார்கள். நூறு கிலோவைத் தாண்டும் பிராணி, காகிதத்தில் கோழியாகிவிட்டது! இறைச்சி சுத்தமா என்று அதிகாரி பார்ப்பார். அறுபடும்போது ஆட்டுக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு அதற்குக் கிடைக்காது.

ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்க, முஸ்லிமில் பதிவான ஹதீஸ் நமக்குத் தெரிந்ததுதான். அறுத்தால் அழகிய முறையில் அறுக்க வேண்டும், கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும், பிராணிக்கு இலகுவாக்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் அதில் பறவை, கால்நடை என்று பிரிக்கவில்லை.

தீக்கோழி மிரண்டால் முன்பக்கமாக உதைக்கும்; மனிதனையே கொல்லும் உதை அது. பண்ணைகளில் தலைக்கு உறை மாட்டிக் கண்ணை மறைப்பார்கள், அடங்கிவிடும். பிராணியின் கண்ணெதிரே கத்தி தீட்டக் கூடாது என்று படித்த நமக்கு இது புதிதல்ல. ஷாஃபிஈ ஃபிக்ஹ் நூல்களில் இன்னொன்றும் பேசப்படுகிறது. ஒட்டகத்தைக் கழுத்தின் அடியில் நஹ்ர் செய்வது ஏன்? கழுத்து நீளம்; அங்கே அறுத்தால் உயிர் விரைவாகப் பிரியும். அதே காரணத்தை வைத்து, தீக்கோழிக்கும் நஹ்ரே சிறந்தது என்றார்கள்.