இருவர் கணக்கு: இளவேனில் மலைப்பயணத்திற்கு ஒரு சிக்கனத் திட்டம்

கூட்டுறவு இயக்கம் கற்பிக்கும் பாடங்களுள் சிக்கனம் முதன்மையானது. எனினும் சிக்கனம் என்றவுடன் விதைக்கும் நூலுக்கும் மருத்துவத்திற்கும் கணக்கு எழுதுவதையே நாம் கருதுகிறோம். மகிழ்ச்சிக்காகச் செய்யும் செலவுக்கும் கணக்கு உண்டென்பதைப் பலர் எண்ணுவதில்லை. எண்ணாமையால் அச்செலவே பல இல்லங்களிற் கடனுக்கு வாயிலாகி விடுகிறது. ஆகவே இம்மாதப் பாடத்திற்கு, கணவனும் மனைவியுமாக இருவர் இளவேனிற் பருவத்தில் மலையூர் ஒன்றிற்குச் சென்று மீளும் சிறு பயணத்தை எடுத்துக்கொள்வோம்.

பயணம் ஏன் வேண்டும்?

திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடையே உள்ளது வல்லம் வடகால். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இவ்வட்டாரம் இன்று சிப்காட் தொழிற்பேட்டையாக விளங்குகிறது. வெளி மாவட்டங்களிலிருந்து பல்லாயிரம் பெண்கள் இங்குள்ள தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்துள்ளனர். மகளிர் தொழிலாளர் 18,720 பேர் தங்கத்தக்க பெரும் விடுதி ஒன்று இங்கு 2024 ஆகஸ்டு மாதத்தில் திறந்து வைக்கப்பட்டது என்பதைக் கொண்டே இதன் அளவை உணரலாம். வேறு பலர் தோழியருடன் சேர்ந்து வீடு வாடகைக்கு எடுத்து வாழ்கின்றனர்.

நாமறிந்த ஓர் இல்லத்தில் கணவர் பரமக்குடியில் தறி நெய்கிறார். மனைவி இங்கே தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். தோழியர் ஐவருடன் ஒரே வீட்டில் வாழ்கிறார். கணவர் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வந்து காண்கிறார். வந்தால் எங்கே தங்குவது? ஐந்து பெண்கள் உறங்கும் வீட்டில் அவருக்கு இடமில்லை. தேநீர்க் கடையிலும் பேருந்து நிலையத்திலுமாக அமர்ந்து பேசிவிட்டு மாலையில் அவர் ஊர் திரும்ப வேண்டியதே. இத்தகையோர்க்கு மூன்று நாள் மலைவாசம் ஆடம்பரம் என்று யாரும் கூறலாகாது. ஒருங்கிருந்து உண்ணவும் உரையாடவும் அவர்கட்குக் கிடைக்கும் இடம் அதுவே.

ஆயின் அதை அவர்கள் முன்பொருமுறை செய்த விதம் தவறாயிற்று. மனைவி மாதச் சம்பளம் பெறுபவர். தம் வருமானம் குறைவென்னும் கூச்சம் கணவருக்கு இருந்தது. விருந்தாளியாக வந்த இடத்தில் மனைவியின் பணத்தைச் செலவிடலாகாது என்று கருதி, நூல் தரும் முதலாளி ஒருவரிடம் முன்பணம் பெற்று வந்தார்; அதை மனைவிக்குச் சொல்லவுமில்லை. வாடகைக் கார் அமர்த்தி, கூட்டம் மிகுந்த ஞாயிற்றுக்கிழமையில் மலையேறி, கேட்ட வாடகையைக் கொடுத்துத் தங்கினார்கள். மூன்று நாளிற் பணம் தீர்ந்தது. முன்பணம் தீரும்வரை அம்முதலாளி சொன்ன கூலிக்கே அவர் நெய்ய வேண்டியிருந்தது. அடுத்த பண்டிகைக்கு மனைவியைக் காண வரவும் இயலவில்லை. செய்தி அறிந்த மனைவி, "ஒரு சொல் சொல்லியிருந்தால் நாம் பேருந்திலேயே போயிருக்கலாமே! எனக்கு வேண்டியிருந்தது கார் இல்லை, நீங்கள் உடனிருந்த மூன்று நாள்தானே" என்று வருந்தினாராம்.

இவ்விருவரின் அன்பிற் குறையில்லை. கணக்கை ஒருவரே மனத்துள் வைத்துக்கொண்டதே குறை. இப்பாடத்தின் சாரமும் இதுவே: இருவர் செல்லும் பயணத்தின் கணக்கு இருவர் அறிந்த கணக்காதல் வேண்டும், பணமும் பயணத்திற்கு முன்பே சேர்ந்திருத்தல் வேண்டும்.

கோல்ன் நகரத்து நெசவாளர்கள்

இவ்வழி புதியதன்று. இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியின் பருத்தி ஆலைத் தொழிலாளர்க்கு ஆண்டில் ஒரு வாரம் ஆலை மூடப்படும். அவ்வாரத்திற்குக் கூலி கிடையாது. ஆதலால் அவர்கள் வாரந்தோறும் சிறுதொகை செலுத்தும் விடுமுறைச் சேமிப்புக் குழுக்களை அமைத்திருந்தனர். சேர்ந்த தொகையைக் கடற்கரை நகரங்களின் கேளிக்கைகளிற் பலர் ஒரே வாரத்தில் இறைத்துவிட்டு வெறுங்கையுடன் மீண்டனர். இதைக் கண்டவர் கோல்ன் என்னும் நெசவு நகரத்தின் சமயப் போதகரான டி. ஏ. லெனார்டு. அவர் 1891-ஆம் ஆண்டில் ஏறத்தாழ முப்பது பேரை ஏரிகளும் குன்றுகளும் சூழ்ந்த ஆம்பிள்சைடு என்னும் ஊருக்கு அழைத்துச் சென்றார். எளிய தங்கல், பொது உணவு, மலைநடை ஆகியவையே அவர்கள் பெற்ற இன்பம். அம்முயற்சி வளர்ந்து 1893-இல் கூட்டுறவு விடுமுறைச் சங்கமாக உருப்பெற்றது. சம்பளத்துடன் கூடிய விடுமுறைக்கு அந்நாட்டிற் சட்டம் வந்தது 1938-இல்தான். அதற்கு முன்பே தொழிலாளர்கள் தம் சேமிப்பைக் கொண்டு மலைகளைக் கண்டுவிட்டனர்.

நம் நாட்டில் ஆலைத் தொழிலாளர்க்குச் சட்டப்படி சம்பளத்துடன் விடுப்பு உண்டு. இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் என்பது அதன் அளவு. சொந்தத் தறியில் நெய்பவர்க்கும் சொந்த நிலத்தில் உழுபவர்க்கும் அவ்வுரிமை இல்லை. தறி நின்றால் வருவாயும் நிற்கும். ஆகவே நம் உறுப்பினர் போடும் கணக்கில், நின்ற தறியின் கூலியும் ஒரு செலவே என்பதை மறக்கலாகாது.

முதற்படி: நாளைத் தேர்தல்

நெசவாளர் ஒரு பாவு முடிந்து மறு பாவு ஏற்றும் இடைவெளியைக் கொள்க. உழவர் சம்பா அறுவடை முடிந்த ஓய்வைக் கொள்க. ஆலையில் வேலை பார்ப்பவர் வார ஓய்வுடன் இரண்டு நாள் விடுப்பைச் சேர்த்து, முன்னதாகவே எழுதிக் கொடுத்து இசைவு பெறுக.

இளவேனில் என்று நம் நூல்கள் வகுப்பன சித்திரையும் வைகாசியும் ஆம். ஆனால் அவை பள்ளி விடுமுறைக் காலம். மலையூர்களில் அறை வாடகை ஏறியிருக்கும். பங்குனியிலோ தேர்வுக்காலம் ஆதலால் கூட்டம் குறைவு. பங்குனியில், சனி ஞாயிறு தவிர்த்த நாட்களிற் செல்வதே ஆதாயம்.

இரண்டாம் படி: இடத்தைத் தேர்தல்

மலை என்றால் உதகையும் கொடைக்கானலும் நினைவுக்கு வருதல் இயல்பு. அவை தொலைவிலுள்ளவை; போக வர இரண்டு இரவுகள் வழியிலேயே கழிந்துவிடும். அவ்விரு ஊர்களுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறையும் வந்தது. அரசுப் பேருந்திற் செல்வோர்க்கு அது வேண்டுவதில்லை.

மூன்று நாளே உடையவர்க்கு ஏலகிரி ஏற்றது. திருப்பத்தூர் மாவட்டத்திலுள்ள இம்மலை கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுடையது. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும் என்பது இயற்கை விதி. ஆதலால் பங்குனி வெயிலிலும் அங்கே மாலையும் காலையும் இதமாயிருக்கும். மலைப்பாதையிற் கொண்டையூசி வளைவுகள் பதினான்கு. அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களைச் சூட்டியுள்ளனர்.

மூன்றாம் படி: வழியை வகுத்தல்

பரமக்குடியிலிருந்து வருபவர் இராமேசுவரம் – சென்னை இரவு வண்டியிற் புறப்பட்டுச் செங்கற்பட்டில் இறங்கலாம். அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோயில், ஒரகடம் வழியே வல்லம் வடகால் அடையலாம். இரயிலில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது. அந்நாளை நாட்காட்டியிற் குறித்துக்கொள்க.

அன்று காலையே இருவரும் திருப்பெரும்புதூர் சென்று, பெங்களூர் நெடுஞ்சாலையில் வேலூர்ப் பேருந்தேறலாம். வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வழியாகத் திருப்பத்தூர்ப் பக்கம் சென்று, அங்கிருந்து மலைப்பேருந்தைப் பிடிக்கலாம். திருப்பெரும்புதூரிலிருந்து மொத்தத் தொலைவு ஏறத்தாழ 190 கிலோமீட்டர். இரயிலை விரும்புவோர் அரக்கோணம் சென்று, சோலையார்பேட்டை செல்லும் வண்டியில் ஏறலாம். சோலையார்பேட்டை ஏலகிரிக்கு அண்மையிலுள்ள சந்திப்பு. கடைசி மலைப்பேருந்து புறப்படும் நேரத்தை முன்னரே கேட்டறிதல் இன்றியமையாதது. அதைத் தவறவிட்டால் வாடகை வண்டிக்குக் கொடுப்பது ஒருநாள் உணவுச் செலவைத் தாண்டிவிடும்.

நான்காம் படி: தொகையை வகுத்தல்

இருவருக்கும் இரண்டு இரவு, மூன்று பகலுக்கு ரூ. 6,000 என்று வைத்துக்கொள்வோம். விலைகள் ஆண்டுதோறும் மாறும். ஆதலால் தொகையைக் காட்டிலும் அதன் பகுப்பை நோக்குக.

பேருந்துக் கட்டணம்: ரூ. 1,600
தங்கும் அறை, இரண்டு இரவு: ரூ. 2,000
உணவு: ரூ. 1,400
படகு, நுழைவுச்சீட்டு முதலியன: ரூ. 400
எதிர்பாராச் செலவு: ரூ. 600
ஆக மொத்தம்: ரூ. 6,000

கணவர் தம் ஊரிலிருந்து வந்து மீளும் இரயிற் கட்டணத்தை இதிற் சேர்க்கவில்லை. மலைக்குச் செல்லாவிடினும் அது நேரும் செலவே. எதிர்பாராச் செலவுக்குரிய தொகையைத் தனி உறையில் வைத்தல் நலம். செலவாகாமல் மீண்டால் அடுத்த ஆண்டுச் சேமிப்புக்கு அதுவே முதலாகும்.

இத்தொகையைச் சேர்ப்பது எங்ஙனம்? இருவரும் திங்கள்தோறும் ஆளுக்கு ரூ. 300 தத்தம் ஊர்ச் சங்கத்தில் தொடர்வைப்பாகச் செலுத்துக. பத்துத் திங்களில் அசல் மட்டுமே ரூ. 6,000 ஆகிவிடும். வருமானம் ஏற்றத்தாழ்வாயிருப்பின் பங்கும் அதற்கேற்ப அமையலாம். மனைவி 400, கணவர் 200 எனக் கொள்வதில் இழிவில்லை. கூட்டுறவில் ஒவ்வொருவரும் வைத்திருக்கும் பங்குத்தொகை வேறு. ஆயினும் ஆளுக்கு ஒரு வாக்கே. இல்லத்திலும் அவ்வாறே ஆகுக. பணம் குறைவாகத் தருபவர் சொல்லும் நிறைவாகக் கேட்கப்பெறுதல் வேண்டும்.

ஒருகால் பத்துத் திங்களில் நாலாயிரமே சேர்ந்ததெனில், நாலாயிரத்திற்கு ஏற்ற பயணம் செல்க. ஓர் இரவைக் குறைத்துக்கொள்க. மீதி இரண்டாயிரத்தைக் கடன் வாங்குதல் கூடாது. வட்டியுடன் மலையேறுபவர்க்கு மலைக்காற்றும் குளிராது.

ஐந்தாம் படி: மலையில் நடந்துகொள்ளுதல்

முதல்நாள் மதியத்திற்குப் புளியோதரை கட்டிக்கொள்க. வளைவுகளில் தலைசுற்றல் உடையோர் ஏறுமுன் வயிறு நிறைய உண்ணலாகாது. பருத்திப் போர்வை ஒன்றும் தண்ணீர்ச் செம்பும் உடன் கொள்க. நெகிழிப் பைகளைத் தவிர்க்க.

இரண்டாம் நாட்காலை வெயில் ஏறுமுன் சுவாமிமலை உச்சிக்கு நடக்கலாம். மாலையிற் புங்கனூர் ஏரிக்கரையில் அமரலாம், படகிலும் செல்லலாம். சலகாம்பாறை அருவியில் கோடையில் நீர் வற்றிவிடும். ஆதலால் கேட்டறியாமல் அதற்கென வண்டி அமர்த்துவது வீண். பலாவும் தேனும் வாங்க விரும்புவோர் மலைவாழ் உழவரிடமே வாங்குக. விளைவிப்பவர் கைக்கு விலை சேர்தல் வேண்டும் என்பது நம் சங்கங்களின் கொள்கையன்றோ?

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பங்குனி, சித்திரை மாதங்கள் காட்டுத்தீக் காலம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட தீயிற் சிக்கி, நடைப்பயணம் சென்றவருள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வனத்துறையினர் இசையாத வழியில் நடத்தலும் காட்டில் நெருப்பு மூட்டுதலும் ஒருபோதும் கூடா.

மூன்றாம் நாள் முதற்பேருந்தில் இறங்கினால், மாலைக்குள் வல்லம் வடகால் அடைந்து, கணவர் செங்கற்பட்டில் இரவு வண்டியைப் பிடிக்கலாம். புறப்படுமுன் இருவரும் அமர்ந்து செலவுக் கணக்கை எழுதி முடித்தல் வேண்டும். மிகுதி எவ்வளவு, தவறியது எங்கே, அடுத்த ஆண்டு எப்போது என்பவற்றை அங்கேயே முடிவு செய்க.

முடிவுரை

மேற்கூறிய தம்பதியர் இப்போது ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துள்ளனர். திங்கள்தோறும் இருவரும் தத்தம் தவணையைச் செலுத்தியவுடன் தொலைபேசியிற் கூறிக்கொள்கின்றனர். மனைவி அதைக் குறித்து வைக்கிறார். "இம்மாதம் நூற்றைம்பதே முடிந்தது" என்று கணவர் இன்று கூசாமற் சொல்கிறாராம். அச்சொல்லே இப்பாடத்தின் பயன். பொருள் குறைவதாற் பிரிவு நேர்வதில்லை. குறைவதை மறைப்பதாலேயே நேர்கிறது. சங்கத்தின் கணக்கு உறுப்பினர்க்கு மறைவாயிருத்தலாகாது என்னும் நெறியை இல்லத்திற்கும் கொண்டுவருவோமாக.

மாதக் கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நெசவாளர் அல்லது உழவர் ஒருவர் மூன்று நாள் வெளியூர் சென்றால் இழக்கும் வருவாய் எவ்வளவு? அதை எவ்வாறு குறைக்கலாம்?

2. பயணத்திற்கென முன்பணம் பெறுவதற்கும், தொடர்வைப்பிற் சேர்த்துச் செலவிடுவதற்கும் ஓராண்டில் ஏற்படும் வேறுபாட்டைக் கணக்கிட்டுக் காட்டுக.

3. வருமானம் ஒவ்வாத இருவர் பொதுச்செலவைப் பகிர்ந்துகொள்ளத் தக்க முறை யாது?

4. வெளியூரில் வேலை பார்க்கும் நம் உறுப்பினர் குடும்பத்துப் பெண்களுக்காக, சங்கம் விடுமுறைச் சேமிப்புக் குழு ஒன்று அமைத்தல் இயலுமா? அதன் விதிகள் எவ்வாறு இருத்தல் வேண்டும்?